எர்மெலிந்தா கேட்ட மத்தியானங்கள்

எர்மெலிந்தாவுக்குக் கோபமே வராது என்று எங்கள் மஷீக்கு ஊரில் சத்தியம் செய்யக்கூட ஆள் இருந்தார்கள். பொய். அவளுக்குக் கோபம் வந்துகொண்டேதான் இருந்தது. அதை நின்று பார்க்கத்தான் யாருக்கும் நேரம் இல்லை.

கடலோரத்துப் பெரிய விடுதி ஒன்றில் படுக்கை விரிப்புகள் தேய்ப்பது அவள் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சலவைக்கூடம். கொதிக்கும் உருளைக்குள் ஈர விரிப்பைக் கொடுத்து, மறுபக்கம் ஓடிப்போய் உருவி, நான்காக எட்டாக மடித்து அடுக்க வேண்டும். மேலே வெளிநாட்டுக்காரர்கள் விடுமுறையில் புரண்டு படுப்பார்கள். கீழே இவள் அவர்கள் புரண்ட சுருக்கத்தை நீவி எடுப்பாள். இப்படியே இருபது வருடத்துக்கும் மேல் போயிற்று. விரல் மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கின. கடைசியில், ஒரு காபிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

சுகாதார நிலையத்து மருத்துவர் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூடு குடுங்க. ஓய்வு குடுங்க. இப்படியே விட்டீங்கன்னா அடுத்த வருஷம் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது," என்றார்.

ஓய்வு எங்கே விற்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் சூடு எங்கே கிடைக்கும் என்று எர்மெலிந்தாவுக்குத் தெரியும். அவள் பிறந்ததே அந்தச் சூட்டில்தான்.

எங்கள் மதீராத் தீவு முழுக்கப் பாறையும் மலைச்சரிவும். வானம் தெளிந்த நாளில் கிழக்கு முனையில் போய் நின்றால், தூரத்துக் கடலில் மஞ்சள் கோடு மாதிரி ஒரு தீவு தெரியும். அது போர்த்து சாந்து. அங்கே கரை நெடுக மணல், மாவு மாதிரி மணல். ஆகஸ்ட் பிறந்தால் எங்கள் ஜனங்களில் பாதிப்பேர் அண்டாவும் குண்டானும் வெங்காய மூட்டையுமாகக் கப்பல் ஏறிவிடுவார்கள். இடுப்பு போனவர்களும் முழங்கால் போனவர்களும் உச்சிவெயிலில் கழுத்துவரை சுடுமணலில் புதைந்து படுப்பார்கள். ஒரு வாரம் விடாமல் படுக்க வேண்டும். நடுவில் ஒரு மத்தியானம் தவறினாலும் பட்டதெல்லாம் வீண் என்பது அந்தத் தீவுக்காரர்களின் நம்பிக்கை.

எர்மெலிந்தா அந்தத் தீவுக்காரி. பத்தொன்பது வயதில் லாரி ஓட்டுகிற விர்ஜீலியுவைக் கட்டிக்கொண்டு மஷீக்குவுக்கு வந்தாள். வந்த அன்றே அவள் பெயர் போய்விட்டது. போர்த்து சாந்துக்காரர்களை எங்கள் பக்கம் "தீர்க்கதரிசி" என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் காலத்திலோ அங்கே ஒருவன் தனக்குத் தெய்வ வாக்கு வருகிறது என்று சொல்லி ஊரையே நம்பவைத்தானாம். ஐந்நூறு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அந்தத் தீவில் பிறந்த ஒவ்வொருவர் தலையிலும் அந்தப் பட்டத்தைக் கட்டி எங்கள் ஜனங்கள் சிரிக்கிறார்கள். கல்யாணப் பந்தியிலேயே அவள் நாத்தனார் இடலீனா கேட்டாள்: "என்ன தீர்க்கதரிசி, எத்தனை பிள்ளை பெறுவேன்னு சொல்லு பார்ப்போம்!" பந்தி முழுக்கச் சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்?

அவள் அப்பா சாகும்போது கடற்கரையை ஒட்டிய தன் சின்ன வீட்டை மகள் பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு. அழுகை ஓய்வதற்குள் இடலீனா அதற்குப் பெயர் வைத்துவிட்டாள்: "நம்ம வீடு." அன்றிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒரு வாரம் புகுந்த வீட்டுக் கூட்டம் மொத்தமும் அங்கே இறங்கியது. கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து தட்டைத் தட்டியது. எர்மெலிந்தா தன் சொந்த ஊரில், தன் சொந்த வீட்டில், அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மணலில் படுக்க வேண்டிய நேரம் உச்சிவேளை. சமையல் நேரமும் உச்சிவேளை. புரிகிறதா அந்தக் கொடுமை? ஜன்னலுக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் அந்த மணல். எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களின் எலும்பை அது ஆற்றிக்கொண்டிருந்தது. அந்த மண்ணிலேயே பிறந்தவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசை முடிந்து, இடலீனா வீட்டுத் திராட்சைப் பந்தலின் கீழ் எல்லோரும் கூடினார்கள். ஆகஸ்ட் விடுமுறைக்குத் திட்டம் போட வேண்டும். திட்டம் போடுவது எப்போதும் இடலீனா. அவள் தம்பி விர்ஜீலியு தலையாட்டுவான். அவள் கணவன் பல்தசார் பீர் குடிப்பான்.

இடலீனா மேஜைமேல் கத்திகளையும் முள்கரண்டிகளையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வீட்டுச் சுவர்களை எழுப்பினாள். பீருக்குக் கொறிக்க வைத்திருந்த, உப்புநீரில் ஊறிய, மொச்சை அளவு மஞ்சள் பயறுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்களைக் குடியேற்றினாள்.

"இது முன் அறை. நானும் பல்தசாரும். கட்டில் பெரிசு, என் முதுகுக்கு அதுதான் தோது. இது உள் அறை. லிசாண்ட்ரா."

லிசாண்ட்ரா, எர்மெலிந்தாவின் ஒரே மகள். தலைநகரில் மருந்துக்கடையில் வேலை. தன் பயறை அவளே எடுத்து நகர்த்தினாள். "அத்தை, ரூபென் வரான். மறந்துடாதீங்க."

"மறப்பேனா? மாப்பிள்ளைப் பையன் கூடத்துல. உனக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கணும், கண்ணு. ஏன்னா உள் அறையில உன்கூடப் படுக்கப்போறது பாதிரியாரோட தங்கச்சி."

"யாரு?" என்றாள் எர்மெலிந்தா.

"பாதிரியாரோட தங்கச்சிதான். பாவம், மூட்டுவலி. மணல்ல படுத்தா நல்லதுன்னு நான்தான் கூப்பிட்டேன். நம்ம வீடுதானே இருக்கு."

எர்மெலிந்தா தன் விரல்களைப் பார்த்தாள். மடியிலிருந்து மேலே எடுக்கவில்லை.

"விர்ஜீலியு திண்டாட வேண்டியதில்லை," இடலீனா தொடர்ந்தாள். "அவன் குறட்டைக்கு வாசல்தான் சரி. அலைச் சத்தம் இவன் சத்தத்தை அமுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். விர்ஜீலியுவும் பெருமையாகச் சிரித்தான். இடலீனாவின் இரண்டு மகன்களும் மிச்சமிருந்த மூலையில் இரண்டு பயறுகளானார்கள்.

"நான் எங்க, அண்ணி?"

இடலீனா மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். உண்மையிலேயே மறந்துபோயிருந்தாள். ஒரு பயறைக் கிள்ளி எடுத்து ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். "உனக்கென்ன, சமையல்கட்டு. அங்கதானே உனக்குப் பழக்கம். விடியக்காலையில எழுந்திருக்க வசதி."

அந்த இடத்தில்தான் எர்மெலிந்தா வாயைத் திறந்தாள். பூசையில் மண்டியிட்டிருந்தபோது மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தைகள்.

"அண்ணி, சமையல்கட்டுலயே படுத்துக்கறேன். காலைச் சாப்பாடு நான் பாத்துக்கறேன். ராத்திரிக்கும் நான் பாத்துக்கறேன். ஆனா இந்த வருஷம் மத்தியானம் மட்டும் எனக்கு வேணும். கை ரொம்ப மோசமாயிடுச்சு. ஒரு வாரம் மணல்ல படுக்கணும். மத்தியானத்துக்கு மட்டும் நீங்க எல்லாரும் சேர்ந்து எதையாவது பாத்துக்குங்க."

இவ்வளவுதான் கேட்டாள். வருடத்தில் ஒரு வாரம், அந்த வாரத்தில் மத்தியானங்கள் மட்டும்.

யாரும் பதில் சொல்வதற்குள் பல்தசார் கையை நீட்டி, ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்த பயறை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தோலைத் துப்பினான்.

"யோவ், எர்மெலிந்தாவைத் தின்னுட்டீரே!" இடலீனா கத்தினாள்.

பந்தல் அதிர்ந்தது. இடலீனாவின் மகன்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பல்தசாருக்குப் புரையேறி முதுகில் குத்த வேண்டியிருந்தது. தரையில் கிடந்த அந்தத் தோலை எர்மெலிந்தா பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. விழவிடவில்லை.

"அண்ணி, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"என்ன பதில்? மத்தியானச் சாப்பாடு இல்லாம விடுமுறையா? பாதிரியார் தங்கச்சிக்கு ரொட்டியும் தண்ணியுமா குடுக்கறது? ஊர்ல என் மூக்கை அறுப்பாங்க!"

"அம்மா," லிசாண்ட்ரா குனிந்து அவள் தோளில் கை வைத்தாள். குரலில் தேன். "ரூபென் முதல் தடவையா வரான். உன் சூரைமீன் பத்தியும், அந்த வறுத்த சோளக்களி பத்தியும் எவ்வளவு பெருமையா சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா? இந்த ஒரு வருஷம் மட்டும்மா. கைக்கு நான் கடையிலேருந்து நல்ல களிம்பா கொண்டுவரேன்."

நாள் முழுக்கக் கைவலிக்காரர்களுக்குக் களிம்பு எடுத்துக் கொடுக்கிற பெண். பெற்றவளின் கையை ஒரு தடவையாவது விரித்துப் பார்த்திருப்பாளா? நாத்தனார் சொன்னது முதுகில் பட்ட அடி. மகள் சொன்னது நெஞ்சில் இறங்கியது.

எர்மெலிந்தா கணவனைப் பார்த்தாள். "நீ ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

விர்ஜீலியு பயறு உரித்துக்கொண்டிருந்தான். "ஆகஸ்டுக்கு இன்னும் நாள் கிடக்கு. பேசிக்கலாம்."

அதற்குள் இடலீனாவுக்கு ஒரு யோசனை உதித்துவிட்டது. முகம் மலர்ந்தது. "ஏய், நான் ஒண்ணு சொல்றேன் கேளு. கை அவ்வளவு மோசம்னா நீ எதுக்கு அலையணும்? இங்கயே இரு. ஒரு வாரத்துக்கும் ஆக்கி, டப்பா டப்பாவா உறையவச்சுக் குடுத்துடு. நாங்க எடுத்துட்டுப் போறோம். சமையல்கட்டும் காலியாகும், என் பெரியவன் அங்க படுத்துக்கலாம். சாவியை மட்டும் என்கிட்ட குடுத்துடு."

"அட, அருமையான யோசனை!" என்றான் பெரியவன்.

"என் வீட்டுக்கு நான் வர வேண்டாமா, அண்ணி?"

"இதோ பாரு, ஆரம்பிச்சுட்டா. என் வீடு உன் வீடுன்னு! ஏ தீர்க்கதரிசி, மூஞ்சியை இப்படி வச்சுக்காதே. ஒரு வாக்கு சொல்லு பார்ப்போம். ஆகஸ்ட்ல எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு உண்டா, இல்லையா?"

எர்மெலிந்தா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தவில்லை. இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் விழுந்த எதையும் அவள் தூக்கி நிறுத்தாமல் விட்டது அன்றுதான்.

"ஆமா. நான் தீர்க்கதரிசிதான். சொல்றேன், கேட்டுக்குங்க. இந்த ஆகஸ்ட்ல அந்த அடுப்பு எரியாது. அந்த மேஜையில தட்டு விழாது. நீங்க எல்லாரும் பசியோட வாசலைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. நான் வரமாட்டேன்."

வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு!

"வந்துடுச்சு! வாக்கு வந்துடுச்சு!" பல்தசார் தொடையில் அறைந்துகொண்டான். இடலீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விர்ஜீலியு, அவளோடு ஒரே கட்டிலில் வாழ்நாளெல்லாம் படுத்தவன், அவனும் சிரித்தான்.

மற்றவர்கள் சிரித்ததை அவள் மன்னித்திருப்பாள். அவன் சிரிப்பு மட்டும் வயிற்றுக்குள் போய்க் கொள்ளிக்கட்டையாக உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரியின் முன்னால் போய் நின்றாள்.

"ஆகஸ்ட்ல எனக்குக் குடுத்திருக்கிற ஒரு வார லீவு வேண்டாம். அதை இந்த வாரமே எடுத்துக்கறேன்."

மேற்பார்வைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். ஆகஸ்டில் விடுதி நிரம்பி வழியும். அந்த லீவுக்காக எர்மெலிந்தா வருடாவருடம் அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சுவாள். "நிஜமாவா சொல்றே? ஆகஸ்ட் பூரா வருவியா? உன் வாயில சர்க்கரைதான் போடணும். போ, போ, நாளைக்கே போ!"

அன்று மாலை விர்ஜீலியு தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். திரைக்கும் அவனுக்கும் நடுவே போய் நின்றாள்.

"நான் நாளைக்குப் போர்த்து சாந்து போறேன். ஒரு வாரம்."

அவன் கழுத்தை வளைத்து அவளைத் தாண்டிப் பந்தைப் பார்த்தான். "ம். வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வா."

அவள் அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்தாள்.

விடிகாலைப் பேருந்து பிடித்துத் துறைமுகம் போய்க் கப்பல் ஏறினாள். ஒரு சின்னப் பை. அண்டா இல்லை, வாணலி இல்லை, மடியில் முட்டைக்கூடை இல்லை. மேல்தளத்தில் உட்கார்ந்து, வெறும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தாள். பிறகு அப்படியே மடியில் போட்டுவிட்டாள். கப்பல் முனையைத் தாண்டித் திறந்த கடலுக்குப் போனபோதும் கோபம் அடங்கவில்லை. அது நல்லதுதான். அடங்கியிருந்தால் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பாள்.

போர்த்து சாந்துக் கடற்கரையில் அவளோடு பள்ளிக்கூடம் போன ஜெனொவேவா தின்பண்டக் கடை வைத்திருந்தாள். எர்மெலிந்தாவைத் தனியாகக் கண்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

"உன் பட்டாளம் எங்கடி?"

"செத்துடுச்சு."

"நல்லது," என்றாள் ஜெனொவேவா. வேறு எதுவும் கேட்கவில்லை. உச்சிவேளைக்கு ஒரு மண்வாரியோடு வந்து, உடம்பு நீளத்துக்குக் குழி பறித்தாள். எர்மெலிந்தாவைக் கிடத்தி, சுடுமணலை அள்ளி அள்ளிப் போட்டு மூடினாள். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தலைமேல் ஒரு குடையைச் சாய்த்து நட்டாள். மேல்மணல் ஆற ஆற, வந்து வழித்துவிட்டுப் புதிதாகச் சுடச்சுட அள்ளிப் போட்டாள்.

முதல் நாள் மணலுக்குள் கிடந்த எர்மெலிந்தாவுக்குப் பந்தலின் கீழே கேட்ட சிரிப்பு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. பல்லைக் கடித்தாள். வியர்வை கொட்டியது. கண்ணீரும் கொட்டியது. துடைக்க முடியாது, கைகள் புதைந்திருந்தன. அழுதால் உடனே துடைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு. அன்று அழுகை அதுவாக வழிந்து, அதுவாகக் காய்ந்தது.

அடுத்த நாள் வலி கூடியது. கூடத்தான் செய்யும் என்றாள் ஜெனொவேவா. அதற்கடுத்த நாள் மாலையில், கடைப்பலகையில் வைத்த காபிக் கோப்பையை எர்மெலிந்தா ஒரு கையால் எடுத்தாள். எடுத்து, பாதி குடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கோப்பையை வைத்துவிட்டு விரல்களை மடக்கிப் பார்த்தாள். முழுக்க மடங்கவில்லை. ஆனால் மடங்கின. இன்னும் பாதி வாரம் இருந்தது.

மறுநாள் மத்தியானம் விர்ஜீலியு வந்து சேர்ந்தான்.

பூசைக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டை, மெருகேற்றிய கறுப்புச் செருப்பு, அக்குளில் வியர்வை. மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தான். அந்த இடத்தில் நாலைந்து பேர் கழுத்துவரை புதைந்து கிடந்தார்கள். ஒவ்வொரு குடையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் தன் மனைவியின் தலையைக் கண்டுபிடித்தான்.

"எர்மெலிந்தா!"

"ம்."

"என்னடி இது? சொல்லாம கொள்ளாம ஓடி வந்துட்டே?"

"சொன்னேன். வெங்காயம் வாங்கிட்டு வரச் சொன்னே."

பக்கத்துக் குழியிலிருந்து ஒரு பெண் தலை "க்ளுக்" என்று சிரித்தது. விர்ஜீலியுவின் காது சிவந்தது.

"எழுந்திரு. சாயங்காலக் கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கியிருக்கேன். அக்கா சாப்பிடாம அழுதுட்டு இருக்கா. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். போன ஞாயித்துக்கிழமை நீயும்தானே சிரிச்சே."

"அது வேடிக்கைடி! எழுந்திருன்னு சொல்றேன்ல?"

"இந்த வாரம் முடியாம எழுந்திருக்க மாட்டேன். நடுவுல விட்டா எல்லாம் வீணு. உனக்கும் தெரியும்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் இந்தக் கையே இருக்காது!"

அந்தக் குரலில் கடற்கரை திரும்பிப் பார்த்தது. விர்ஜீலியுவுக்கு அவமானம் தலைக்கேறியது. அவன் முழங்காலிட்டு, நாய் தோண்டுவதுபோல இரண்டு கையாலும் அவள்மேலிருந்த மணலை வாரி எறிய ஆரம்பித்தான். மணல் நாலு பக்கமும் பறந்தது.

"ஐயா!" மறுபக்கத்துக் குழியிலிருந்து ஒரு வழுக்கைத் தலை கூப்பிட்டது. "சண்டை போடுங்க, வேணாங்கல. மணல் என் வாய்க்குள்ள விழுது."

"நீங்க சும்மா இருங்க," என்றது அந்தப் பெண் தலை. "நான் கேட்டுட்டு இருக்கேன்."

எர்மெலிந்தாவின் தோள் வெளியே தெரிந்தது. காற்று பட்டதும் சூடு போயிற்று. அவள் கத்தவில்லை. தாழ்ந்த குரலில், பல்லுக்கு நடுவே பேசினாள். கத்தியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான்.

"விர்ஜீலியு, இன்னும் ஒரு கை மணல் எடுத்தே, நான் இந்த ஜன்மத்துல மஷீக்குவுக்குத் திரும்ப மாட்டேன். எங்க அப்பன் வீடு இங்க இருக்கு. ஜெனொவேவா கடையில வேலை இருக்கு. நான் சொல்றது வாக்கு இல்ல, வேடிக்கையும் இல்ல. எடுத்துப் பாரு."

அவன் கை அந்தரத்தில் நின்றது. விரலிடுக்கில் மணல் ஒழுகியது.

"எத்தனை ஆகஸ்ட்? நீ ஒரு நாளாவது சமையல்கட்டுக்குள்ள வந்து, ‘நீ போய்க் கடல்ல காலை நனைச்சுட்டு வா’ன்னு சொன்னியா? உங்க அக்கா முதுகுக்குக் கட்டில். பாதிரியார் தங்கச்சி முட்டிக்கு மணல். நான் யாரு? பயறு! அந்த ஆளு தின்னு துப்பினான், நீ சிரிச்சே. நான் மத்தியானம்தானே கேட்டேன்? உன் சொத்தைக் கேட்டேனா, உயிரைக் கேட்டேனா?"

"நான் பேசிக்கலாம்னுதான்..."

"பேசு. இப்பப் பேசு. கேட்டுட்டுத்தான் கிடக்கேன். எங்கயும் ஓட முடியாது, பாரு."

வழுக்கைத் தலையும் பெண் தலையும் அவன் பதிலுக்காகக் காத்திருந்தன.

"ஆகஸ்டுக்கு..." என்றான் கடைசியில். "அக்கா எல்லாருக்கும் சொல்லிட்டா. ரூபெனுக்கு லீவு கூட..."

"வாங்க. வேண்டாங்கல. சாவியை ஜெனொவேவா கிட்ட வச்சுட்டுப் போறேன். வீட்டை அவதான் திறந்து விடுவா, அவதான் பூட்டுவா. பாதிரியார் தங்கச்சிக்கு யாரு கூப்பிட்டாங்களோ அவங்களே ஆக்கிப் போடட்டும். சூரைமீன் வேணும்னா என் பொண்ணு கத்துக்கட்டும், கை நல்லாத்தானே இருக்கு அவளுக்கு. என் லீவு இந்த வாரத்தோட சரி. ஆகஸ்ட் பூரா நான் விரிப்புத் தேய்ப்பேன்."

"அக்காகிட்ட நான் இதை எப்படிச் சொல்வேன்?"

"வாயாலதான்."

பெண் தலை மறுபடி சிரித்தது. விர்ஜீலியு அதைக் கவனிக்கவில்லை. தோண்டியதில் மனைவியின் வலது கை மணிக்கட்டுவரை வெளியே வந்திருந்தது. அதையே பார்த்தான். வீங்கிய மூட்டுகள், ஒரு பக்கமாக வளைந்த சுண்டுவிரல். தினமும் அவனுக்குத் தட்டு வைத்த கைதான். இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

"எப்போ இப்படி ஆச்சு?" என்றான்.

அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆத்திரமூட்டியது. எப்போது ஆயிற்றாம்! கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைப்பக்கமிருந்து ஜெனொவேவா மண்வாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். எர்மெலிந்தா கண்ணைத் திறந்து, "நீ வராதே, ஜெனொவேவா. உன் கடையைப் பாரு," என்று குரல் கொடுத்தாள். பிறகு கணவன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"நீ கலைச்சது. நீயே மூடு."

"நானா?"

"மேல கிடக்கிற மணல் ஆறிப்போச்சு. அதை வழிச்சுத் தள்ளு. வெயில் நேரா அடிக்கிற இடத்துலேருந்து புதுசா அள்ளிட்டு வா."

விர்ஜீலியு சுற்றும்முற்றும் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினான். குடை நிழலைத் தாண்டிப் போய், பழுக்கக் காய்ந்து கிடந்த மணலில் இரண்டு கைகளையும் விட்டான். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து உதறினான்.

"ஐயோ, சுடுதுடி!"

"சுடட்டும்," என்றாள் எர்மெலிந்தா. அவள் கோபம் இம்மியும் குறைந்திருக்கவில்லை. "ரெண்டு கையும் நிறைய அள்ளிட்டு வா."